அரிவாள் மூக்கன்கள் பிரித்த வேலி

அவனுக்கு என் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது. மரத்தை எடுத்தான், போகட்டும். நிலத்தை எடுத்தான், அதுவும் போகட்டும். எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் வேலியடிக்குப் போய், கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்து, "களைச்சுப் போனாய் தம்பி, குடி" என்று கொடுத்தேனே! என்னைப் போல ஒரு விசரி இந்த வேலணையில் இருந்திருப்பாளா?

அவன் என் சித்தப்பாவின் மகன். என்னைவிட ஆறு வயது இளையவன். எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவாக இருந்தவை. அப்பாவும் சித்தப்பாவும் பங்கு பிரித்தபோது நடுவில் ஒரு வேலி போட்டார்கள். உறுதிப் பத்திரத்தில் எங்கள் காணிக்கு வடக்கு எல்லை என்னவென்று எழுதியிருக்கிறது தெரியுமா? "வேலி." அவ்வளவுதான். எத்தனை முழம், எந்தக் கல், எந்த மரம் என்று ஒரு சொல் இல்லை. வேலி நடந்தால் எல்லையும் கூடவே நடக்கும். எழுதுவித்த இரண்டு பேரும் அண்ணன் தம்பிமார். வேலி நடக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், வேலியிலிருந்து பத்தடி உள்ளே, ஒரு புளியமரம் நின்றது. பெரிய மரம். மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம்.

அம்மா இறந்தது ஐப்பசியில். எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் முதல் வேலை வேலியைப் பிரிப்பது. சனம் வரும், பந்தல் போட வேண்டும், கதிரை அடுக்க வேண்டும். பக்கத்து வளவு சொந்தக்காரருடையது என்றால் நடுவேலியை அவிழ்த்து இரண்டு முற்றத்தையும் ஒன்றாக்கிவிடுவார்கள். அதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அதுதான் மரியாதைக் குறைவு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபிறகு திரும்ப அடைப்பார்கள். எங்கள் வேலியும் பழசு, உக்கிப்போனது. வேலித் தடி எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு மூலையில் போட்டார்கள். பந்தல் புளியமரத்தடியில்தான் போட்டது.

அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் அவன் வந்தான்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. வேலியை நான் அடைச்சுத் தாறன்."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கலியாணமும் செய்யவில்லை. அம்மாவும் போய், வீட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற நேரம். அவன் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் அவனும் இன்னொருவனும் நின்று அடைத்தார்கள். பூவரசும் கிளுவையும் பச்சைத் தடியாக வெட்டி வந்து நட்டார்கள். அதைத்தான் கதியால் என்போம். கார்த்திகை மழைக்கு நட்டால் ஒரு மாதத்தில் வேர்விட்டு இலை தள்ளி, பரம்பரை பரம்பரையாக அங்கேயே நின்றதுபோல நிற்கும். நான் குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணி கொண்டுபோனேன், கொடுத்தேன், உள்ளே வந்து படுத்தேன். கண் குருடா என்று கேட்பீர்கள். தாயைக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறவளுக்கு வேலியை அளக்கவா தோன்றும்?

மாசியில் புளி பழுத்தது. ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு, வேலி அடைத்தபிறகு முதல் தடவையாக அந்தப் பக்கம் போனேன். மரம் வேலிக்கு அங்கால் நின்றது.

நான் முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பி வீட்டைப் பார்த்தேன், கிணற்றைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வேலி மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்றடி தெற்கே வந்து, தளிர்விட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது.

"தம்பி, உதென்ன, புளி உன்ரை பக்கம் நிக்குது?"

அவன் தன் முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: "எப்பவும் இஞ்சைதானே அக்கா நிண்டது."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் என்னுடைய சாவுத் துடக்கு வீட்டிலல்லவா பிடுங்கினான்! அதுவும் அவனுக்கும் அதே துடக்கு. என் அம்மா அவனுக்குப் பெரியம்மா. அந்தியேட்டிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான்.

சொந்தக்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் கொழும்பில் கடை வைத்திருந்து, வந்து மேல்மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தவன். கோயில் திருவிழாவுக்கு முன்னுக்கு நிற்கிறவன். நான் சங்கக்கடையில் மா நிறுத்துக் கொடுக்கிறவள். விதானையாரிடம் போனேன். கிராம அலுவலர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அவர் விதானையார்தான். பாவம், அவர் வேறு ஊர் மனிதர். உறுதியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். எழுதுவித்த அப்பாவும் சித்தப்பாவும் உயிரோடு இல்லை, சொந்தக்காரரோ வாய் திறக்கவில்லை. அவன் எழுதிக் கொடுத்தான்: மேற்படி புளியமரம் என்னுடைய காணியில், என்னுடைய பாவனையில் உள்ளது. கீழே கையெழுத்து. விதானையாரின் கந்தோரை விட்டு வெளியே வரும்போது, ஆறுதல் சொல்கிறானாம், என்னிடம் சொன்னான்:

"உங்களுக்குப் பிள்ளையோ குட்டியோ அக்கா? ஆருக்கு இந்தப் புளி?"

நான் திரும்ப உள்ளே போய் அந்தக் கடதாசியில் ஒரு பிரதி கேட்டு வாங்கினேன். கொண்டுவந்து அலுமாரியில், அம்மாவின் சேலைக்குக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து அவனை 'நீ' என்று கூப்பிடவில்லை. 'நீர்' என்றேன். தூரத்து மனிதரை, பிடிக்காத மனிதரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவன் வாயாலே, நாலு பேர் கேட்க, "மரம் அக்காவின்ரை" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காகத்தான் மூன்று வருடம் அவன் முகத்தில் விழிக்காமல் காத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் பறவைகள் வந்தன.

குளக்கட்டில் ஒரு பழைய மருதமரம் நின்றது. மாரி தோறும் அங்கேதான் அவை கூடு வைக்கும். அந்த ஐப்பசிக் காற்றில் மருது வேரோடு சாய்ந்துவிட்டது. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு காலை, நான் கிணற்றடியில் நிற்க, புளியமரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பார்த்தால் அரிவாள் மூக்கன். வெள்ளை உடம்பு, கறுத்த மொட்டைத் தலை, வளைந்த சொண்டு. ஒன்று, மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கரண்டிவாயன்களும் வந்தன. சொண்டின் நுனி அகன்று தட்டையாக இருக்கும். நான் அவற்றை அகப்பை என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாமே கொக்குத்தான். பேர் பிரித்துச் சொல்லப் பொறுமை இல்லை. எனக்கும் முந்தி இருந்ததில்லை. பகை இருந்தால் பொறுமை தானாக வரும்.

கூடு கட்டச் சுள்ளி வேண்டுமே. எங்கே போகும்? அவன் அடைத்த வேலியில் காய்ந்த கொப்புகளும் ஓலை ஈர்க்கும் செருகியிருந்தன. அரிவாள் மூக்கன் ஒன்று வேலியில் இறங்கி, அந்த வளைந்த சொண்டால் ஒரு சுள்ளியைக் கவ்வி இழுத்தது. வரவில்லை. காலை உதைத்து இழுத்தது. கட்டு அவிழ்ந்து சுள்ளி வந்தது. ஐயோ, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்! கிணற்றுக் கப்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்று சிரித்தேன். நான் மூன்று வருடமாகப் பிரிக்க நினைத்த வேலியை, கேட்காமல், கூலி இல்லாமல், அவை ஒவ்வொரு சுள்ளியாகப் பிரித்துக்கொண்டு போயின.

மார்கழிக்குள் மரம் முழுக்கக் கூடு. எச்சம் சொரிந்து கொப்பெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிட்டது. அவன் மேல்மாடியில் பல்கனி ஒன்று வைத்திருந்தான், மாபிள் பதித்தது. மரத்தின் பாதி அந்தப் பல்கனிக்கு மேலே. அவனுடைய வெள்ளை வான் நிற்கிறதும் மரத்தடியில்தான். விடிந்தால் அவனும் மனைவியும் வாளியோடு நிற்பார்கள். கழுவி முடிக்க மேலேயிருந்து திரும்ப விழும். அதையெல்லாம்விட ருசியான ஒன்று இருக்கிறது. திருவெம்பாவை பத்து நாளும் அவன் வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்க மாட்டார்கள். சட்டி பானை தேய்த்து, மஞ்சள் தெளித்து, அவ்வளவு ஆசாரம். அந்தப் பத்து நாளும் பார்த்துத்தான் பறவைகள் கடலிலும் குளத்திலும் பிடித்த மீனையும் நண்டையும் தவளையையும் கொண்டுவந்து குஞ்சுகளுக்குக் கக்கின. பாதி குஞ்சு வாய்க்குள், மிச்சம் அவன் வாசலில். சங்கு ஊதிக்கொண்டு கோயில் ஆட்கள் அவன் வாசல் படலையடிக்கு வந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். தன் வினை தன்னைச் சுடும் என்று நான் என் படலையில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பறவைகளில் அப்போது அன்பு கிடையாது. என் முற்றத்தில் பூவரசங் கொப்பை வெட்டிக் காயவைத்துக் குவித்தேன், அவை இன்னும் கூடு கட்டட்டும் என்று. அவன் ஒருநாள் தகரத்தில் தட்டிக் கலைக்கப் பார்த்தான். மறுநாளே வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு இளம் அதிகாரி தூரக்கண்ணாடியோடு வந்தார். என் வளவில் நின்று அரை மணித்தியாலம் பார்த்தார்.

"அம்மா, நல்ல காரியம் செய்தனீங்கள். உங்களைப் போல ஆக்கள் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை. குஞ்சு பறக்கும் மட்டும் ஒரு கொப்பும் வெட்ட ஏலாது எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன்."

நான் அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். இந்த முறை யாருக்குக் கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுத்தேன்.

ஆனால் நாள் முழுக்க ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சும்மா இருக்குமா? வேலைக்குப் போக முன்னும் வந்த பின்னும் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவன் படுகிற பாட்டைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். போகப்போக மேலே பார்க்கத் தொடங்கினேன். அகப்பைக் குஞ்சுக்குப் பிறக்கும்போது அகப்பை இல்லை. கட்டையான, மெத்தென்ற சொண்டு. தாயின் தொண்டைக்குள் முழுத் தலையையும் விட்டுத் தின்னும். தாய் வந்தால் சொண்டைத் தட்டிச் சத்தம் போடும். என் வளவுப் பக்கமாக நீட்டியிருந்த ஒரு கொப்பில் மூன்று குஞ்சோடு ஒரு கூடு இருந்தது. மூன்றாவது குஞ்சு நோஞ்சான். அதற்குத் தீனி கிடைத்ததா என்று பார்க்காமல் நான் படுக்கப் போனதில்லை. அதையும் பழியோடு சேர்த்தே வைத்திருந்தேன். வேறாக எடுத்துப் பார்க்கவில்லை.

தை பிறந்து பத்து நாளில் அவன் என் படலையைத் திறந்துகொண்டு வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு. மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை கனடா, தை கடைசியில் நாள். வீட்டிலேதான் பந்தல், மரத்தடியில். எனக்கு ஊர் வாயால் எல்லாம் தெரியும். அவன் கதிரையின் நுனியில் இருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"அக்கா, நான் செய்தது பிழைதான். வேலியைப் பழைய இடத்திலை போட்டுத் தாறன். நீங்கள் அந்த வனவிலங்குக் கந்தோருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. வீட்டுப் பக்கத்துக் கொப்பு ரண்டே ரண்டு. அதை மட்டும் தறிக்க விட்டால் காணும். மற்றதெல்லாம் உங்களுக்கு, அந்தப் பறவையளுக்கு."

இரண்டு கொப்பு. அந்த இரண்டிலும் கூடு நாலைந்துதான், அதிலும் குஞ்சுகள் செட்டை முளைத்து எட்டிப் பார்க்கிற பருவம். அந்த அதிகாரியைக் கூப்பிட்டிருந்தால் பத்து நாள் பொறுக்கச் சொல்லி, பிறகு ஏதோ ஒரு வழி செய்து கொடுத்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். மரமும் என் பக்கம் வந்திருக்கும். நான் கேட்டது கையில் வந்து நின்றது. என்ன செய்தேன்? எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, அம்மாவின் சேலைக்குக் கீழே இருந்த பிரதியைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டேன்.

"நீர் கையெழுத்து வைச்சதை நான் எப்பிடி மாத்திறது? உம்மடை மரம், உம்மடை கொக்கு. வடிவா வைச்சிரும்."

"பிள்ளையின்ரை கலியாணம் அக்கா."

"எனக்குப் பிள்ளையோ குட்டியோ? உதெல்லாம் எனக்கு விளங்காது."

அவன் முகம் செத்துப்போனது. நான் அதைப் பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன். அவன் விட்டுப்போன பிரதியைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். அன்றைக்கு இரவு பிட்டும் சம்பலும் எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

ஒரு கிழமை போனது. கடையில் மத்தியானம் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது சயிக்கிளில் வந்த ஒருவர், "உங்கடை பக்கத்து வளவிலை மரம் தறிக்கினம், சத்தம் றோட்டு மட்டும் கேக்குது" என்றார். பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடினேன். சயிக்கிள் மிதித்த அந்தப் பத்து நிமிடமும் நான் பறவையை நினைக்கவில்லை. அகப்பட்டாயடா, என்றுதான் நினைத்தேன். வாயால் சொல்லியும் கொண்டு போனேன்.

மெஷின் வாள்காரர் போய்விட்டார்கள். மரம் இல்லை. இவ்வளவு பெரிய வெளிச்சம் என் முற்றத்தில் நான் கண்டதில்லை. அடிமரம் இடுப்பு உயரத்துக்கு நின்றது, சிவந்த உள்ளுடம்பு தெரிய. பாதிக் கொப்பு வேலியை நசுக்கிக்கொண்டு என் பக்கம் விழுந்திருந்தது. அதற்கு அடியில் கூடுகள். கூட்டுக்குள்ளும் வெளியேயும் குஞ்சுகள். மேலே பெரிய பறவைகள் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அவை பெரிதாகக் கத்துகிற சாதி இல்லை. செட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பதில் கத்தியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

நான் கொப்புகளுக்குள் புகுந்து, கை கால் கிழிய, உயிர் இருந்தவற்றைத் தேடிக் கடகத்தில் போட்டேன். ஒன்பது கிடைத்தது. நோஞ்சான் குஞ்சு அதில் ஒன்று. தண்ணீர் குடிக்கட்டும் என்று அதை ஒரு கோப்பைத் தண்ணீருக்கு முன்னால் விட்டேன். அது குடிக்கவில்லை. அந்த மெத்தென்ற சொண்டைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக, இடமும் வலமுமாக அசைத்தது. பெரிய அகப்பைகள் குளத்தில் மீன் தேடுவது அப்படித்தான். இது குளத்தைக் கண்டதே இல்லை. என் அலுமினியக் கோப்பைக்குள் மீன் தேடியது. நான் கோப்பையைத் தள்ளிவைத்து அதைக் கையில் எடுத்தேன்.

இரண்டு கொப்புக்கு ஓம் என்று சொல்லியிருந்தால் அது உயரத்தில் இருந்திருக்கும். வேறொருவரும் அதை எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போன் எடுத்துச் சொல்லி, நாலு மணிபோல அந்த அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். விதானையாரும் வந்தார். றோட்டில் சனம் கூடிவிட்டது. கடகத்தில் போட்டதில் அப்போது நாலு குஞ்சுதான் உயிரோடு. அதிகாரி முகம் சிவந்து போய் அவனிடம் கேட்டார், ஆருடைய மரம், ஆர் தறிக்கச் சொன்னது என்று.

அவன் என்னைத்தான் பார்த்தான். பிறகு சொன்னான், நாலு பேர் கேட்க, தெளிவாக:

"மரம் அக்காவின்ரை ஐயா. வேலியை நான்தான் தள்ளி அடைச்சனான். கொப்பு அவவின்ரை கூரைக்கு மேலை சாயப் பாத்தது, அதுதான் அவ சொல்லித் தறிச்சது."

மூன்று வருடம் காத்திருந்த சொல். மாமன்மார், மச்சான்மார், கோயில்காரர், எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்தச் சொல்லின் பின்பாதியில் ஒரு பொய்யை வைத்துக் கட்டி என் கையில் தந்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன். வேலியடிக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ஓமெண்டு சொல்லுங்கோ அக்கா. கூரைக்கு ஆபத்தெண்டால் ஒரு எச்சரிக்கையோடை விட்டிடுவினம். எல்லையை இண்டைக்கே எழுதித் தாறன், காணி உங்களுக்கு. இல்லாட்டி என்னை வழக்குக்கு இழுப்பினம். பிள்ளையின்ரை கலியாணத்துக்கு எட்டு நாள் கிடக்கு" என்றான். கை கூப்பினான்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "அப்ப அம்மா, மரம் உங்கடையோ?"

என் கையில் அந்தக் குஞ்சு இருந்தது. சூடு குறைந்துகொண்டு வந்தது. ஓம் என்றால் என் அப்பாவின் எல்லை, என் அம்மாவின் பந்தல் நின்ற நிலம், எல்லாம் எனக்கு. இல்லை என்றால் இனி எந்தக் கந்தோருக்கும் நான் போக முடியாது. நானே என் வாயால் விட்டுக் கொடுத்ததாகிவிடும்.

"இல்லை ஐயா. மரம் அவரின்ரை. விதானையாருக்கு அவரே எழுதிக் குடுத்தவர். பிரதி என்னட்டைக் கிடக்கு. நான் ஒண்டும் தறிக்கச் சொல்லேல்லை."

எழுதினார்கள். வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்து வைத்தேன். குஞ்சை இடக்கைக்கு மாற்றிவிட்டுத்தான் வைத்தேன். சனத்துக்குள் யாரோ, "பொம்பிளைக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியே" என்றார்கள். ஓம், நெஞ்சழுத்தம்தான்.

அதிகாரிகள் கொண்டுபோன மூன்றில் ஒன்று பிழைத்ததாகப் பிறகு போனில் சொன்னார்கள். நோஞ்சானை நான் கொடுக்கவில்லை. கொடுக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே குழி தோண்டித் தாட்டேன். பெரிய அகப்பை ஒன்று இரண்டு நாள் அடிமரத்தில் வந்து நின்று சொண்டைத் தட்டியது. மூன்றாம் நாள் வரவில்லை. கலியாணம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவன் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற இடத்தையும் விட்டான். எனக்கு அதில் திருப்தி வந்ததா என்று கேட்டால், வந்தது. நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? வந்தது, ஆனால் சாப்பிட்டு முடிந்த பிறகும் பசிப்பது மாதிரி இருந்தது.

அடுத்த மாரிக்கு அவை திரும்ப வந்தன. வளவுக்கு மேலே இரண்டு முறை சுற்றின. நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். இறங்க ஒன்றுமில்லை. புங்குடுதீவுப் பக்கம் போய்விட்டன.

அதே மழைக்கு, போன ஐப்பசியில், அவன் நசுங்கின வேலியைத் திரும்ப அடைக்க வந்தான். ஒற்றைக்கு நின்று கதியால் நடக் கிடங்கு கிண்டினான். நான் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், கதியால் எல்லாம் பழைய எல்லையில் நிற்கின்றன. அந்தப் பன்னிரண்டடி நிலமும் என் பக்கம். அடிமரமும் என் பக்கம். அவன் வியர்த்துக் களைத்துப் போய், கிண்டின இரும்பு அலவாங்கைப் பிடித்தபடி நின்றான்.

"உங்கடை பழைய எல்லை அக்கா. அளந்துதான் போட்டனான்."

"நான் கையெழுத்து வைச்சனான். மரம் உன்ரை. பிடுங்கி இஞ்சாலை நடு."

"நீ" என்று வந்துவிட்டது. அவனும் அதைக் கேட்டிருப்பான். கதியாலடி மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினான்.

"அக்கா, விடிய எழும்பிக் கதவைத் துறந்தால் உந்த மரக்குத்திதான் முதல் கண்ணிலை படுது. என்னாலை பாக்க ஏலாது அக்கா, வேலி மறைக்கட்டும்."

நான் அலவாங்கை அவன் கையிலிருந்து வாங்கினேன். முதல் கதியாலை ஆட்டிப் பிடுங்கி, அடிமரத்துக்கு இந்தப் பக்கம், என் பக்கமாகக் கொண்டுவந்து போட்டேன்.

"நான் பாக்கிறன்தானே," என்றேன். "நீயும் பார்."